11 ஆண்டு இடைவெளி, 22 கிலோ கூடுதல் எடை: மீண்டும் ஆடுகளத்திற்குத் திரும்புவது எப்படி?

கேள்வி: புதுஆற்றங்கரை

வணக்கம். எனக்கு 44 வயதாகிறது, தஞ்சாவூரில் வசிக்கிறேன். பள்ளிப் பருவத்திலிருந்து 33 வயது வரை பூப்பந்து ஆடினேன். இறகுப்பந்து அல்ல, மஞ்சள் நிறக் கம்பளிப் பந்தை வைத்துக்கொண்டு அணிக்கு ஐந்து பேராக ஆடும் பால் பேட்மிண்டன். 1856ஆம் ஆண்டு வாக்கில் எங்கள் ஊர் அரண்மனையில் பிறந்த ஆட்டம் என்று மூத்த ஆட்டக்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். கல்லூரி அணியிலும், பிறகு சில ஆண்டுகள் மாவட்ட அணியிலும் எனக்கு இடம் இருந்தது. அப்போது என் எடை 66 கிலோ. உயரம் 170 செ.மீ.

பதவி உயர்வோடு வெளியூர் மாற்றல் வந்தது. அடுத்த ஆண்டே அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். அலுவலகம், மருத்துவமனை, வீடு என்று ஓடிய அந்த ஆண்டுகளில் மட்டை பரணுக்குப் போய்விட்டது. ஆட்டம் நின்றதே தவிர, ஆடிய காலத்துச் சாப்பாடு நிற்கவில்லை. ஆண்டுக்கு இரண்டு கிலோ என்ற கணக்கில் ஏறி, இப்போது 88 கிலோவில் இருக்கிறேன். இடுப்பளவு 104 செ.மீ.

நான் முயலாமல் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2019இல் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து, முதல் நாளே பழைய நினைப்பில் பளு தூக்கி, நான்கு நாட்கள் கையை மடக்க முடியாமல் இருந்து, ஒரு மாதத்தில் நிறுத்தினேன். 2022இல் கல்லணைக் கால்வாய்க் கரையில் காலையில் ஒரு மணி நேரம் ஓடத் தொடங்கினேன். பன்னிரண்டாம் நாள் குதிகால் வலி வந்து, படுக்கையிலிருந்து இறங்கிக் காலைத் தரையில் ஊன்ற முடியாமல் போனது. கடைசியாக இந்தப் பொங்கல் விடுமுறையில் பழைய நண்பர்கள் ஒன்றுகூடி ஆடியபோது, பின்பக்கம் வந்த ஒரு பந்தை எடுக்கக் காலை உந்திய நொடியில், யாரோ கெண்டைக்காலில் கல்லால் அடித்தது போல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாரும் இல்லை. தசை கிழிந்திருப்பதாக மருத்துவர் சொன்னார். மூன்று வாரம் நொண்டினேன். இப்போது பத்து வாரம் ஆகிறது. சமதளத்தில் வலியில்லாமல் நடக்கிறேன்.

அந்த நேரத்தில் எடுத்த பரிசோதனையில் ரத்த அழுத்தம் 146/94 என்றும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 6.2 என்றும் வந்தது. அழுத்தத்திற்கு ஒரு மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள்.

எனக்கு மூன்று ஐயங்கள் உள்ளன. முதலில் எடையைக் குறைத்துவிட்டுப் பிறகு பயிற்சியைத் தொடங்குவதா, இல்லை இப்போதே தொடங்கலாமா? மூன்று முறையும் மூன்று வாரத்திற்குள் அடிபட்டதற்கு வயதுதான் காரணமா, நான் செய்யும் தவறு ஏதேனும் உண்டா? பழையபடி ஐவர் ஆட்டத்தில் ஒரு முழு ஆட்டம் ஆடும் நிலைக்கு என்னால் வர முடியுமா? மாவட்ட அணிக்கு வர வேண்டும் என்ற ஆசையெல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் நண்பர்களோடு ஆட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அது எனக்கு மிகவும் முக்கியம்.

மறுமொழி 1: கணுக்கால்

வணக்கம். நான் இயன்முறை மருத்துவர். விளையாட்டுக் காயங்களோடு வருபவர்களை 18 ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு விடை தெரிந்தால் மற்ற இரண்டும் எளிதாகும்.

வயது ஒரு காரணம்தான், ஆனால் முதன்மையான காரணம் அதுவல்ல. ஆட்டத்தை விட்டவரின் உடம்பில் எல்லா உறுப்புகளும் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. திரும்பத் தொடங்கும்போது ஒரே வேகத்தில் ஏறுவதுமில்லை. ஆட்டத்தை நிறுத்திய முதல் சில வாரங்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்து, இதயம் ஒரு துடிப்பில் வெளித்தள்ளும் ரத்தமும் குறைகிறது. மூச்சு வாங்குவது அதனால்தான். ஆனால் பயிற்சியைத் தொடங்கினால் இது சில வாரங்களிலேயே கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மீளத் தொடங்கும். தசையும் ஓரளவு விரைவாகத் திரும்பும். பயிற்சியில் வளர்ந்த தசை நார்களுக்குள் சேரும் உட்கருக்கள், தசை மெலிந்த பிறகும் நெடுநாள் அங்கேயே இருப்பதை நார்வேயின் ஓஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் எலிகளிடம் கண்டார்கள். மனிதர்களிடம் அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது விவாதத்தில் இருந்தாலும், ஒரு காலத்தில் ஆடியவர்களின் தசை புதியவர்களின் தசையைவிட விரைவாகத் தேறுவதை நான் என் அறையில் அன்றாடம் பார்க்கிறேன்.

தசைநாண் அப்படியல்ல. தசையை எலும்போடு கட்டும் அந்தக் கயிறு மிக மெதுவாகவே பலம் பெறும். குதிகாலுக்கு மேலே உள்ள பெரிய தசைநாணின் உட்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குள் உருவாகி, அதன் பிறகு பெரும்பாலும் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்பதை டென்மார்க் ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பனின் சுவடு, அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களின் தசைநாணில் அப்படியே தங்கியிருந்ததை வைத்து அவர்கள் இதைக் கணக்கிட்டார்கள். உங்கள் குதிநாண் பெரும்பாலும் நீங்கள் பள்ளியில் ஆடிய நாட்களில் கட்டப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை இனி மெல்ல மெல்லத்தான் சுமைக்குப் பழக்க முடியும்.

இப்போது உங்கள் மூன்று முயற்சிகளையும் பாருங்கள். பந்து எங்கே விழும், அதற்கு எப்போது காலை எடுக்க வேண்டும் என்பது உங்கள் மூளைக்கு இன்னும் மறக்கவில்லை. அது 66 கிலோ உடம்புக்குப் பழகிய ஆணையை 88 கிலோ உடம்புக்கு இடுகிறது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை தரையிலிருந்து திரும்பி வரும். பூப்பந்து ஆடுகளம் 24க்கு 12 மீட்டர்; ஐவர் ஆட்டத்தில் ஒருவர் ஓட வேண்டிய தூரம் குறைவுதான், ஆனால் நின்ற இடத்திலிருந்து திடீரென்று பாய்ந்து, திடீரென்று நிற்க வேண்டும். கெண்டைக்கால் தசைக்கு அதைவிடக் கடினமான வேலை இல்லை. ஒருபோதும் ஆடாதவர் அந்தப் பந்தை விட்டிருப்பார். நீங்கள் ஆட்டக்காரர் என்பதால்தான் பாய்ந்தீர்கள்.

எனவே, நாற்பது வயதில் புதிதாக ஆட வந்த ஒருவருக்கு என்ன சொல்வேனோ அதையே உங்களுக்கும் சொல்கிறேன். முதல் நான்கு வாரம் வாரத்தில் ஐந்து நாள் 20 நிமிட நடை. பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு வேகம் இருக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், கால் பயிற்சி. சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகால்களையும் உயர்த்தி, மூன்று எண்ணும் வரை மெதுவாக இறக்குங்கள்; 12 முறை, மூன்று சுற்று. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 10 முறை, மூன்று சுற்று. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது அதே அளவு. இது உங்களுக்குச் சிறுபிள்ளை வேலையாகத் தோன்றும்; இரண்டாம் வாரத்தில் கட்டாயம் அப்படித் தோன்றும். அந்த இரண்டாம் வாரத்தில்தான் என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் அடிபடுகிறார்கள்.

பிறகு ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்தத் தொடங்குங்கள். காயம்பட்ட காலில், முழு உயரத்திற்கு, நிற்காமல் 20 முறை வரும்வரை ஓடவும் குதிக்கவும் வேண்டாம். அது வந்த பிறகு ஒரு நிமிடம் மெல்லோட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம். அதன் பிறகே மட்டையைக் கையில் எடுத்துப் பந்தில்லாமல் கால் நகர்வுப் பயிற்சி. முழு ஆட்டத்திற்கு இன்றிலிருந்து நான்கு மாதமாவது ஆகும் என்று எதிர்பாருங்கள்.

வலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்துக்கு மூன்று என்ற அளவில் பயிற்சியின்போது லேசான வலி இருந்து, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் தொடரலாம். மறுநாள் படுக்கையிலிருந்து இறங்கும்போது குதிகால் முந்தைய நாளைவிட விறைப்பாக இருந்தால், நேற்றுச் செய்தது அதிகம் என்று பொருள். ஒருநாள் ஓய்வு கொடுத்து, அளவைப் பாதியாக்குங்கள். பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை முழுவதும் பரவலாக வலிப்பது வேறு, அது இயல்பு. ஆனால் 2019இல் உங்களுக்கு நேர்ந்தது போல் கை மடங்காத அளவுக்கு வலித்து, கூடவே சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அளவுக்கு மீறிய பயிற்சியில் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதன் அறிகுறி அது.

மறுமொழி 2: மொட்டைமாடி நடை

தம்பி, நான் திருச்சியில் அரசுப் பள்ளி ஆசிரியை, 53 வயது. பள்ளி நாட்களில் கோ-கோ ஆடினேன். இரண்டு பிரசவம், தைராய்டு குறைவு, மாதவிலக்கு நின்ற காலம் என்று எனக்கும் 17 கிலோ ஏறியது. உடற்பயிற்சி எப்படிச் செய்வது என்பதை மேலே உள்ள மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். விடாமல் செய்வது எப்படி என்று நான் கற்றதைச் சொல்கிறேன்.

முதன்முதலில் அண்ணா விளையாட்டரங்கத்திற்குத்தான் போனேன். மூன்றாம் நாள் என் பழைய மாணவன் ஒருவன் ஓடி வந்து, "டீச்சர், ரொம்ப குண்டாயிட்டீங்களே, உடம்பு சரியில்லையா?" என்று அக்கறையாகத்தான் கேட்டான். அதன் பிறகு இரண்டு மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. தம்பி கேள்வியில் எழுதாவிட்டாலும், உங்களைத் தெரிந்தவர்கள் இருக்கும் மைதானத்திற்கு இந்த உடம்போடு போவது உங்களுக்கும் உறுத்தலாக இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு அதிலிருந்து வழி காட்டியது எங்கள் வீட்டு மொட்டை மாடி. இரவுச் சாப்பாடு முடிந்ததும் பாத்திரத்தைக்கூடக் கழுவாமல் மேலே ஏறிப் பத்து நிமிடம் நடந்தேன். யாருக்கும் தெரியாது, உடை மாற்ற வேண்டாம், மழை பெய்தால் கூடத்திற்குள்ளேயே நடக்கலாம். ஒரு மாதம் அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான். அடுத்த மாதம் காலை உணவுக்குப் பிறகும் ஒரு பத்து நிமிடம் சேர்த்தேன். மூன்றாவது மாதம் விளையாட்டரங்கத்திற்குத் திரும்பிப் போனபோது, யார் என்ன சொன்னாலும் நடையை நிறுத்தாத அளவுக்குப் பழக்கம் ஊறியிருந்தது.

இன்னொன்று: நான் ஆறு மாதம் எடை பார்க்கவே இல்லை. முதல் முயற்சியில் தினமும் காலையில் எடைக் கருவியில் ஏறி நின்று, நேற்றைவிட 300 கிராம் கூடியிருந்தால் அன்றைய நாள் முழுக்க மனம் உடைந்து கிடப்பேன். உடம்பில் நீர் ஏறி இறங்குவதாலேயே ஒரு நாளில் ஒரு கிலோ வரை மாறும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இரண்டாம் முறை அதற்குப் பதிலாக, வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று மட்டும் நாட்காட்டித் தாளில் குறித்து வைத்தேன். தொடங்கும்போது 19 நிமிடம். ஐந்தாம் மாதத்தில் 14. எடை 79இலிருந்து 71க்கு வந்தது, ஒன்றரை ஆண்டில். வேகம் குறைவுதான், ஆனால் திரும்ப ஏறவில்லை.

பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டு மலைத்துவிடாதீர்கள். அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவ ஆய்வில் பிறந்த எண் அல்ல. இப்போது 4,000 அடி நடக்கிறீர்கள் என்றால் 5,000 நடந்தாலே உடம்புக்கு நன்மைதான்.

புதுஆற்றங்கரை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா சொன்ன உறுத்தலைக் கேள்வியில் எழுதக் கை வரவில்லை, உண்மை அதுதான். பொங்கலன்று நான் அந்தப் பந்துக்குப் பாய்ந்ததும், நான் முன்பு ஆடியதைப் பார்த்தவர்கள் சுற்றி நின்றதால்தான் என்று இப்போது தோன்றுகிறது.

உணவு பற்றியும் சர்க்கரை அளவு பற்றியும் யாரேனும் சொன்னால் உதவியாக இருக்கும். மாலையில் அலுவலக வாசலில் இரண்டு உளுந்து வடையும் ஒரு தேநீரும் சாப்பிடும் பழக்கம் எனக்கு உண்டு. நடந்தால் அது கரைந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுமொழி 3: ஊர் மருத்துவர்

பொது மருத்துவராக 25 ஆண்டுகளாகச் சிறுநகரம் ஒன்றில் பணிசெய்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: எடை குறையக் காத்திருக்க வேண்டாம். எடை குறையாவிட்டாலும்கூடப் பயிற்சி உங்கள் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் இறக்கும். மூன்று மாதச் சர்க்கரை 5.7 முதல் 6.4 வரை இருப்பது நீரிழிவுக்கு முந்தைய நிலை; நீங்கள் 6.2இல் நிற்கிறீர்கள். இந்த இடத்திலிருந்து திரும்பி வருபவர்கள் பலர் உண்டு. உங்கள் உயரத்திற்கு 88 கிலோ என்பது உடல் நிறைக் குறியீட்டில் 30ஐத் தாண்டுகிறது. இந்தியர்களுக்கு 25ஐத் தொட்டாலே உடல் பருமன் என்றும், ஆண்களுக்கு இடுப்பளவு 90 செ.மீட்டருக்கு மேல் போனால் ஆபத்து என்றும் நாங்கள் கொள்கிறோம். அதே எடையுள்ள ஐரோப்பியரைவிட நம் உடம்பில் கொழுப்பு அதிகம் இருப்பதும், அது வயிற்றுக்குள் சேர்வதும்தான் அதற்குக் காரணம். ஆகவே கிலோவைவிட இடுப்பு நாடாவை நம்புங்கள்; மாதம் ஒருமுறை தொப்புள் மட்டத்தில், மூச்சை இயல்பாக விட்டபின் அளங்கள்.

வடைக் கணக்கைச் சொல்கிறேன். உங்கள் எடைக்கு ஐந்து கிலோமீட்டர் நடந்தால் ஏறத்தாழ 250 முதல் 300 கலோரி செலவாகும். இரண்டு உளுந்து வடையும் சர்க்கரை போட்ட ஒரு தேநீரும் கிட்டத்தட்ட அதே அளவு. ஒரு மணி நேர நடையைப் பத்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட முடியும் என்பதால்தான், நடந்து மட்டும் எடை குறைவது அவ்வளவு கடினமாக இருக்கிறது. ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. வடையை ஒரேயடியாக விட வேண்டாம்; வாரத்தில் இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், மற்ற நாட்களில் சுண்டல் ஒரு கிண்ணம். நம் சாப்பாட்டில் சோறு தட்டை நிறைத்துவிடுகிறது. பருப்பும் பயறும் முட்டையும் மீனும் ஓரத்தில் ஒதுங்கிவிடுகின்றன. தசையைத் திரும்பக் கட்ட வேண்டிய உங்களுக்குப் புரதம் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பொதுவாக ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் என்று வகுத்திருக்கிறது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் பயிற்சி செய்பவர் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே எடுக்கலாம். இன்றைய தட்டில் சோற்றை ஒரு கரண்டி குறைத்து, பருப்பையும் காயையும் ஒரு கரண்டி கூட்டுவது நல்ல தொடக்கம்.

ஆசிரியை அம்மையார் சாப்பாட்டுக்குப் பின் நடந்தது சரியான வழி. நீரிழிவு உள்ளவர்கள் ஒரே நேரத்தில் 30 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளை உணவுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை நன்றாகக் குறைந்ததை நியூசிலாந்து ஆய்வு ஒன்று 2016இல் காட்டியது. உண்ட உணவின் சர்க்கரை ரத்தத்தில் ஏறும் நேரத்திலேயே கால் தசை அதை எடுத்துக்கொள்கிறது.

இனி, மருந்து பற்றி. உங்களுக்குத் தொடங்கிய மாத்திரை எது என்று பாருங்கள். அது அட்டினோலால், மெட்டோப்ரோலால் போன்ற வகையாக இருந்தால், இதயத் துடிப்பு இயல்பாக ஏறாது. கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை வைத்துப் பயிற்சியின் கடுமையை அளக்க முயலாதீர்கள், முன்பு சொன்ன பேச்சுச் சோதனையே போதும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதைப் படித்தால், சில மருந்துகளோடு பயிற்சி சேரும்போது சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடக்கூடும் என்பதால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் வகை நுண்ணுயிர்க்கொல்லிகள் குதிநாணைப் பலவீனப்படுத்தக்கூடியவை என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதைச் சமீபத்தில் சாப்பிட்டிருந்தால் குதிப்பதையும் பாய்வதையும் தள்ளிப்போடுங்கள்.

நடைக்குப் பெரிய பரிசோதனை எதுவும் தேவையில்லை. ஆனால் ஆட்டத்திற்குத் திரும்புமுன், 44 வயது, அழுத்தம், சர்க்கரை என மூன்றும் சேர்ந்திருப்பதால், ஈ.சி.ஜி.யும் உங்கள் மருத்துவர் விரும்பினால் டிரெட்மில் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது. நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலியோ, தலைசுற்றலோ வந்தால் வாய்வு என்று எண்ணி வீட்டில் படுத்திருக்கக் கூடாது. அதேபோல் காயம்பட்ட அந்தக் கெண்டைக்கால் மட்டும் மீண்டும் வீங்கிச் சூடாக இருந்தால், தசைப்பிடிப்பு என்று நீவிவிடாமல் உடனே காட்டுங்கள். ஆழ்நாளத்தில் ரத்தம் உறைந்திருக்கக்கூடும்.

மறுமொழி 4: பழைய பயிற்றுநர்

நான் மருத்துவரல்ல, பள்ளி அணிகளுக்குப் பூப்பந்து கற்றுக்கொடுத்தவன். கணுக்கால் அவர்கள் சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு மாறுபாடு உண்டு. 88 கிலோவோடு இவர் ஏன் ஓட வேண்டும்? பூப்பந்தில் நீண்ட ஓட்டமே இல்லை. மூச்சுக்கு மிதிவண்டி போதும். முழங்காலுக்கும் குதிகாலுக்கும் அடி குறைவு. ஆட்டத்திற்குத் தேவையானது இரண்டு மூன்று எட்டு வைத்து, முன்காலை ஊன்றித் தாழ்ந்து, திரும்ப நடுவுக்கு வருவது. அதை நடை வேகத்தில், பந்தில்லாமல், இரண்டு மாதம் பழகினால் ஓட்டமே வேண்டாம் என்பது என் அனுபவம். திரும்பி வரும் மூத்த ஆட்டக்காரர்களை நான் முதலில் முன்வரிசையில் நிறுத்துவதில்லை, பின்வரிசைக்கும் அனுப்புவதில்லை. நடுவில் நிறுத்தி, கைக்கு எட்டும் பந்தை மட்டும் அடிக்கச் சொல்வேன். எட்டாத பந்தை விடப் பழகுவதுதான் அவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் பயிற்சி. அதற்கே சிலருக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது.

கணுக்கால்

பயிற்றுநர் சொல்வதை ஏற்கிறேன். மூச்சைக் கூட்ட மிதிவண்டி இவருக்கு ஓட்டத்தைவிடப் பொருத்தமானது. ஆனால் மெல்லோட்டத்தை நான் சொன்னது மூச்சுக்காக அல்ல. தரையிலிருந்து வரும் அதிர்வுக்குத் தசைநாணும் எலும்பும் பழக வேண்டும். மிதிவண்டியில் அந்த அதிர்வு கிடைக்காது. மிதிவண்டியிலேயே நான்கு மாதம் இருந்துவிட்டு, மூச்சு நன்றாக இருக்கிறதே என்று நேராக ஆடுகளத்தில் இறங்கியவர்கள் குதிநாண் அறுந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஓட்டம் வேண்டாம் என்றால், அதற்கு ஈடாக இரண்டு காலிலும் சிறு குதிப்புகள், நாளுக்கு 20இல் தொடங்கி வாரம் பத்துப் பத்தாகக் கூட்டுங்கள். அதுவும் ஒற்றைக் காலில் 20 முறை குதிகால் உயர்த்த வந்த பிறகே.

புதுஆற்றங்கரை, 13 வாரங்களுக்குப் பிறகு

அனைவருக்கும் வணக்கம். சொன்னதைச் செய்தேன் என்று தெரிவிக்கவே எழுதுகிறேன்.

முதல் மாதம் நடையும் நாற்காலிப் பயிற்சியும் மட்டும். கணுக்கால் அவர்கள் எச்சரித்தபடியே இரண்டாம் வாரம் ஓடிப் பார்க்க வேண்டும் என்று கால் துடித்தது. நாட்காட்டியில் அந்த வாரத்தின் மேல் "வேண்டாம்" என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தேன், அது உதவியது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நடை இப்போது மகளோடு சேர்ந்து நடக்கிறது. பேச்சுச் சோதனைக்கு அவளே துணை. வடை, செவ்வாயும் வெள்ளியும் மட்டும். மாத்திரை மெட்டோப்ரோலால்தான் என்பதால் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டேன். ஈ.சி.ஜி. இயல்பாக இருந்தது, ஆட்டத்தில் இறங்குமுன் டிரெட்மில் பரிசோதனை செய்யலாம் என்று என் மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

எடை 83.6 கிலோ. இடுப்பளவு 97 செ.மீ. மூன்று மாதச் சர்க்கரை 5.9, ரத்த அழுத்தம் கடந்த இரண்டு முறையும் 130க்குக் கீழே இருந்தது. ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்துவது இடது காலில் 22 வருகிறது. காயம்பட்ட வலது காலில் 14இலேயே நிற்கிறது, அதற்கு மேல் குதிகால் முழு உயரம் ஏறுவதில்லை. எனவே இன்னும் ஓடவும் இல்லை, குதிக்கவும் இல்லை. காலையில் மிதிவண்டியில் கால்வாய்க் கரையில் எட்டு கிலோமீட்டர் போய் வருகிறேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாக ஆடுகளத்திற்கும் போகிறேன். ஆடுவதில்லை; புள்ளி எழுதுகிறேன், வெளியே போகும் பந்தை எடுத்துத் தருகிறேன். இடைவேளையில் பழைய பயிற்றுநர் சொன்ன கால் நகர்வை நடை வேகத்தில் செய்கிறேன். முதல் ஞாயிறு எல்லோரும் பார்த்தார்கள்; இரண்டாம் ஞாயிறு, என்னைவிட நான்கு வயது மூத்த நண்பர் ஒருவர் வந்து பக்கத்தில் நின்று, தனக்கும் அதைச் சொல்லித்தரச் சொன்னார். ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்துவது அவருக்கு ஆறு முறைதான் வந்தது.

என் ஐயம் ஒன்றே ஒன்று. வலது கால் மூன்று வாரமாக 14இலேயே நிற்கிறது. ஒரு சுற்றுக்கு எண்ணிக்கையைக் கூட்ட முயல்வதா, கையில் ஐந்து கிலோ அரிசிப் பையைப் பிடித்துக்கொண்டு குறைந்த எண்ணிக்கையில் செய்வதா?

கணுக்கால்

பையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எட்டு முறை, நான்கு சுற்று, வாரத்தில் மூன்று நாள், இறக்கும்போது மூன்று எண்ணிக்கை. சுமையோடு பலம் ஏறினால், சுமையில்லாத எண்ணிக்கை தானாக ஏறும். முழங்காலைச் சற்று மடக்கியும் இரண்டு சுற்று சேருங்கள். கெண்டைக்காலின் உள்தசைக்கு அந்த நிலையில் கூடுதல் வேலை கிடைக்கும். நான்கு வாரம் கழித்துப் பையில்லாமல் எண்ணிப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். அந்த நண்பரிடமும், ஆறு முறை மட்டுமே வரும் நிலையில் அவர் ஆட்டத்தில் இறங்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.